மாத்திரைக்குக் கேட்காத அரிப்பு: எட்டு மாதமாகச் சொறியும் ஓர் அம்மாவுக்காக

உங்கள் கேள்வி இது: அம்மாவுக்கு 64 வயது. எட்டு மாதமாக உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரியில் கூடுதல். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். முதலில் அவில், அப்புறம் செட்ரிசின், அதற்கப்புறம் இன்னும் இரண்டு அலர்ஜி மாத்திரைகள். தூக்கம் வருகிறது, அரிப்பு நிற்கவில்லை. ரத்தத்தில் அலர்ஜி பரிசோதனை எடுத்து, கத்தரிக்காய், தக்காளி, இறால், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. சொந்தக்காரர்கள் ‘ரத்தம் கெட்டுப்போச்சு’ என்கிறார்கள். ஒரு மருத்துவர் ‘மனசுதான் காரணம்’ என்றாராம். இதற்கு மருந்தே கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருந்து இருக்கிறது. ஆனால் காரணத்தை இன்னும் யாரும் தேடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் தோல் மருத்துவர். இதே கதையோடு வருகிறவர்களை ஓயாமல் பார்க்கிறேன். கையில் ஒரு பை நிறைய சீட்டு இருக்கும். எல்லாச் சீட்டிலும் பெயர் மட்டும் மாறி ஒரே வகை மாத்திரை இருக்கும். ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் அரிப்பை நாள்பட்ட அரிப்பு என்று மருத்துவத்தில் தனியாகவே பிரித்து வைத்திருக்கிறோம். அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் எந்த மாத்திரை கொடுப்பது என்பது இரண்டாவது கேள்வி. எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

அலர்ஜி மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். தோலில் மாஸ்ட் செல்கள் என்று இருக்கின்றன. அவை ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டும்போது தோல் தடித்து, சிவந்து, அரிக்கும். காணாக்கடி என்கிறோமே, கொசு கடித்த மாதிரி திட்டுத் திட்டாக எழும்பி, சில மணி நேரத்தில் தடமே இல்லாமல் மறைவது, அது இந்த வகை. ஹிஸ்டமினைத் தடுக்கிற மாத்திரை அதற்கு நன்றாகவே கேட்கும். ஆனால் எல்லா அரிப்பும் ஹிஸ்டமினால் வருவதில்லை.

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குப் பூனைக்காலி தெரியும். அந்தக் காயின் மேல் பொன்னிறத்தில் சுனை இருக்கும். அது தோலில் பட்டால் எப்படி அரிக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். 1955-ல் ஷெல்லி, ஆர்தர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தச் சுனையை ஆராய்ந்து, அதிலிருக்கும் ஒரு புரதச் சிதைப்பான்தான் அரிப்பைக் கிளப்புகிறது என்று காட்டி, அதற்கு மியூக்குனைன் என்று பெயரிட்டார்கள். அந்த அரிப்புக்கு ஹிஸ்டமின் தேவையில்லை. அலர்ஜி மாத்திரை போட்டாலும் அடங்காது. பிறகு நடந்த ஆய்வுகளில், ஹிஸ்டமினுக்குப் பதில் சொல்லும் நரம்பு இழைகள் வேறு, பூனைக்காலிக்குப் பதில் சொல்லும் இழைகள் வேறு என்பதும் தெரிந்தது. மாதக்கணக்கில் நீளும் அரிப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது பாதையில் போகிறவை. கரப்பான் (எக்ஸிமா), முடிச்சு முடிச்சாகத் தடிக்கும் அரிப்பு நோய், சிறுநீரக அரிப்பு எதுவானாலும் சரி, முக்கியக் குற்றவாளி ஹிஸ்டமின் இல்லை. அம்மாவுக்கு மாத்திரை போட்டதும் தூக்கம் மட்டும் வருவதற்கு இதுதான் விளக்கம். பழைய மாத்திரைகள் மூளைக்குள் போய் மயக்கத்தைக் கொடுக்கின்றன. அரிப்பு அப்படியே இருக்கிறது.

அரிப்பை வலியின் சின்ன வடிவம் என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2007-ல் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சூ-ஃபெங் சென் குழுவினர், எலிகளின் தண்டுவடத்தில் அரிப்புக்கென்றே வேலை செய்யும் ஓர் ஏற்பியை, அதாவது நரம்புச் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அது இல்லாத எலிகள் குறைவாகச் சொறிந்தன, வலியை மட்டும் வழக்கம்போல உணர்ந்தன. அரிப்புக்குத் தனி வழி இருக்கிறது என்பது அங்கிருந்துதான் உறுதிப்பட ஆரம்பித்தது. சொறிந்தால் ஏன் சுகமாக இருக்கிறது? நகம் கொடுக்கும் சின்ன வலி, தண்டுவடத்தில் அரிப்புச் செய்தியைக் கொஞ்ச நேரம் அமுக்கிவிடுகிறது. அந்த வலியை அடக்க உடம்பு சுரக்கும் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் திரும்ப அரிப்பைத் தூண்டிவிடுகிறது. நடுவில் தோலும் கிழிந்து அழற்சி கூடுகிறது, நரம்பு நுனிகள் இன்னும் கூச்சமடைகின்றன. அடுத்த முறை சேலை உரசினாலே அரிக்கும். அதனால் தயவுசெய்து அம்மாவிடம் ‘சொறியாதீங்க’ என்று சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். அது அவர் கட்டுப்பாட்டில் இல்லை. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், அரிக்கும்போது குளிர்ந்த ஈரத்துணியை வைத்து அழுத்தச் சொல்லுங்கள். அது உதவும்.

சரி, காரணத்தைத் தேடுவோம். நான் நோயாளியிடம் கேட்கும் முதல் கேள்வி, முதலில் வந்தது தடிப்பா, அரிப்பா என்பது. தோலில் ஏதோ வந்து, அப்புறம் அரித்ததா, அல்லது சும்மா இருந்த தோல் அரித்து, சொறிந்து சொறிந்து புண்ணானதா? எட்டு மாதம் கழித்து இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதனால் வேறு தடயங்களைப் பார்ப்பேன். கையை வாங்கி நகத்தை வெளிச்சத்தில் திருப்பினால், நகப்பூச்சு போட்டது போலப் பளபளக்கும். மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து வந்த பளபளப்பு அது. அப்புறம் முதுகைப் பார்ப்பேன். தோள்பட்டைகளுக்கு நடுவே கை எட்டாத இடம் மட்டும் வழவழவென்று சுத்தமாக இருந்து, சுற்றிலும் கீறலும் கருப்புத் தழும்புமாக இருந்தால், தோலில் முதலில் நோய் எதுவும் இல்லை, சொறிந்ததால்தான் இத்தனையும் என்று பெரும்பாலும் புரிந்துவிடும். பட்டாம்பூச்சி சிறகை விரித்த வடிவில் அந்த இடம் தப்பித்திருக்கும். சீப்பாலோ விசிறிக் காம்பாலோ சொறிகிறவர்களிடம் இந்தத் தடயமும் அழிந்துவிடும், அதனால் அதையும் கேட்டுக்கொள்வேன்.

இன்னொன்று. மருத்துவ நூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அங்கே அழற்சி சிவப்பாகத் தெரியும். நம் நிறத்தில் அது சாம்பல், கருஞ்சிவப்பு, சில நேரம் வெறும் கருமையாகத்தான் தெரியும். ‘தோலில் ஒன்றும் இல்லையே’ என்று அனுப்பப்பட்ட பலருக்குத் தொட்டுப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும். நல்ல வெளிச்சத்தில், உடம்பு முழுக்க, தொட்டுப் பார்க்க வேண்டும். சேலையின் மேலேயே பார்த்து எழுதிய சீட்டை நம்பாதீர்கள்.

தோலிலேயே காரணம் இருந்தால், நம் ஊரில் முதலில் விலக்க வேண்டியது சிரங்கு. வயதானவர்களிடம் இதைத் தவறவிடுவது மிக அதிகம், ஏனென்றால் யாரும் எதிர்பார்ப்பதில்லை. சிரங்கு அழுக்கால் வருவதும் இல்லை; கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஓர் உண்ணி, தோலின் மேலடுக்கில் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது. சாதாரணச் சிரங்கில் உடம்பு முழுக்கப் பத்துப் பதினைந்து உண்ணிகள்தான் இருக்கும். அரிப்பு அவற்றின் மேல் உடம்பு காட்டும் எதிர்ப்பு. முதல் முறை தொற்றினால் அரிப்பு ஆரம்பிக்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதற்குள் வீட்டில் மற்றவர்களுக்கும் போய்விடும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, மார்பின் அடி, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பொரிகள் இருக்கிறதா, வீட்டில் வேறு யாராவது ராத்திரியில் சொறிகிறார்களா என்று பாருங்கள். ஊரிலிருந்து வந்துபோன பேரக்குழந்தைக்கு இருந்ததா என்றும் கேளுங்கள்.

சிரங்குக்கு மருந்து எளிது. ஆனால் போடும் முறையில்தான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். 5 விழுக்காடு பெர்மெத்ரின் க்ரீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நகக்கண், தொப்புள் எதையும் விடாமல் ராத்திரி பூசி, காலையில் குளிக்க வேண்டும். முதியவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் கண், வாய் தவிர்த்து முகத்திலும் தலையிலும் கூடத் தேவைப்படும். அரிக்கும் இடத்தில் மட்டும் தடவினால் பயனில்லை. வீட்டில் உள்ள எல்லாரும், அரிப்பு இல்லாதவர்களும், அதே ராத்திரி பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கட்டியிருந்த துணி, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். துவைக்க முடியாததை பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள், மனித உடம்பை விட்டால் அந்த உண்ணி சில நாள்தான் தாங்கும். மருந்து சரியாகப் போட்ட பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிப்பு இருக்கும். அதைப் பார்த்து மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்துத் தினமும் பூசி, தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறவர்களும் உண்டு. ஐவர்மெக்டின் மாத்திரையும் நல்ல வழிதான், எடைக்கேற்ற அளவில் இரண்டு தவணை.

அடுத்தது படர்தாமரை. இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வராமல் இருப்பதில்லை. மருந்துக்கடையில் ‘அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட்’ என்று கேட்டால், பல கடைகளில் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்த ட்யூப்பை எடுத்துக் கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு இரண்டே நாளில் அரிப்பை அடக்கிவிடும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். விட்டால் திரும்ப வரும், திரும்பப் பூசுவார்கள். வட்ட வடிவம் கலைந்து, வட்டத்துக்குள் வட்டமாகப் பரவி, தொடையிடுக்கில் தோல் மெலிந்து கோடு கோடாக வரி விழுந்துவிடும். இந்தப் பத்து வருடத்தில் இந்தியா முழுக்கப் படர்தாமரை சாதாரண மருந்துக்கு மசியாமல் போனதற்கு இந்தக் கலவை ட்யூப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கே பரவியிருக்கும் பூஞ்சை வகைக்கே ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று நம் நாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 2018-ல் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணை போட்டது. கடைகளில் நிலைமை எப்படி என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அம்மாவின் இடுப்பு மடிப்பு, பாவாடை நாடா அழுத்தும் இடம், மார்பின் அடியில் பாருங்கள். ஏதாவது களிம்பு பூசிக்கொண்டிருந்தால் அந்த ட்யூப்பையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் அடிக்கடி நான் பார்க்கும் காரணம் வறட்சி. வயதாக ஆக, தோலின் மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் கொழுப்பு குறைகிறது. முழங்காலுக்குக் கீழே தோல் செதில் செதிலாக, காய்ந்த குளத்து மண் வெடித்தாற்போல இருக்கும். அதன்மேல் சுடச்சுட வெந்நீரும், கிருமிநாசினி சோப்பும், டெட்டால் கலந்த தண்ணீரும், நைலான் நாரும் சேர்ந்தால் அரிப்புக்கு வேறு காரணமே வேண்டாம். அரிக்கிற இடத்தில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் ஒரு நிமிடம் சொர்க்கமாக இருக்கும், அது உண்மை. அடுத்த அரை மணியில் இரட்டிப்பாக அரிக்கும், அதுவும் உண்மை.

தோல் சுத்தமாக இருந்து, சொறிந்த தடம் மட்டும் இருந்தால், அப்போதுதான் உள்ளுறுப்புகளைப் பார்க்க வேண்டும். ‘ரத்தம் கெட்டுப்போச்சு’ என்று சொல்வதில் ஒரு துளி நியாயம் இங்கே இருக்கிறது, ஆனால் அதற்குச் சுத்திகரிப்புக் கஷாயம் பதில் இல்லை. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அரிப்பு மிகச் சாதாரணம். 12 நாடுகளில் டயாலிசிஸ் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், 42 விழுக்காட்டினருக்கு நடுத்தரம் முதல் மிகக் கடுமை வரையான அரிப்பு இருந்தது. அவர்களிடையே இறப்பு அபாயமும் 17 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தூக்கம் கெடுவதற்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பது அவர்கள் கண்டது. பித்தநீர் தேங்கினாலும் அரிக்கும். உள்ளங்கை, உள்ளங்காலில் ஆரம்பித்து ராத்திரியில் பாடாய்ப் படுத்தும், மஞ்சள் காமாலை கண்ணில் தெரிவதற்கு முன்பே வரலாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், இரும்புச்சத்து குறைந்தாலும் அரிக்கலாம். குளித்து முடித்ததும் தோலில் எதுவும் இல்லாமல் பிய்த்தெடுக்கும் அரிப்பு வந்தால், ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோய் இருக்கிறதா என்று பார்ப்போம். அரிப்போடு எடை இறங்கி, ராத்திரியில் வேர்த்து, கழுத்திலோ அக்குளிலோ கட்டி தெரிந்தால் நிணநீர்ப் புற்று இல்லை என்று உறுதி செய்யாமல் விடக் கூடாது. இது அரிது. பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, கேட்க மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் அம்மாவுக்குத் தொடர்பில்லை என்றாலும், இதைப் படிக்கும் கர்ப்பிணிகள் இருந்தால் ஒன்று: ஏழாம் மாதத்துக்குப் பிறகு உள்ளங்கை, உள்ளங்கால் கடுமையாக அரித்தால் ‘கர்ப்பத்தில் அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் பித்த அமிலத்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அது லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டுவிட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுகிறது. பிரசவத்தை முன்கூட்டியே திட்டமிட வேண்டிவரும்.

இனி அம்மாவின் மாத்திரைகள். சர்க்கரைக்கு வில்டாகிளிப்டின் போன்ற கிளிப்டின் வகை மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். நம் ஊரில் இப்போது ஏராளமாக எழுதப்படும் மாத்திரை அது. வயதானவர்களுக்குப் பெரிய பெரிய கொப்புளங்களாக வரும் பெம்ஃபிகாய்டு என்ற நோய் இந்த வகை மாத்திரை எடுப்பவர்களிடம் கூடுதலாக வருகிறது. மாத்திரை ஆரம்பித்துப் பல மாதம் கழித்துக்கூட வரலாம், அதனால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. முக்கியமாக, கொப்புளம் வருவதற்கு வாரங்கள், சில நேரம் மாதங்கள் முன்பே வெறும் அரிப்பாக மட்டும் அது இருக்கும். 60 வயதுக்கு மேல் காரணம் தெரியாமல் நீடிக்கும் அரிப்பில், தோலில் ஒரு சின்னத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். பிரஷருக்கான அம்லோடிபின், தண்ணீர் மாத்திரை ஆகியவையும் சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். எந்த மாத்திரை எந்த மாதம் ஆரம்பித்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என்னிடம் வருகிறவர்கள் கொண்டுவரும் எந்தப் பரிசோதனை முடிவைவிடவும் அந்தத் தாள் எனக்கு உதவியிருக்கிறது.

ஒரே இடத்தில் மட்டும் அரிப்பவர்கள் வேறு ரகம். தோள்பட்டை எலும்புக்குச் சற்றுக் கீழே, முதுகில் ஒரு பக்கம், கை எட்டியும் எட்டாத இடத்தில் வருடக்கணக்கில் அரிக்கும். அல்லது முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம் அரிக்கும், ஐஸ் வைத்தால் மட்டும் அடங்கும். இது தோல் நோய் இல்லை. முதுகெலும்பிலிருந்து வெளியே வரும் நரம்பு அழுந்துவதால் வருவது. எத்தனை களிம்பு பூசினாலும் கேட்காது. நரம்புக்கான மருந்து கொடுத்தால் கேட்கும். அதே முதுகிலும், முன்னங்கால் எலும்பின் மேலும் அலையலையாகக் கருத்துப் போயிருந்தால், பல வருடம் நைலான் நாரால் தேய்த்துக் குளித்தவரா என்று கேட்பேன். பெரும்பாலும் தலையசைப்பார்கள். முதல் வைத்தியம் அந்த நாரைத் தூக்கி எறிவது.

அரிப்பை யாரும் பெரிய நோயாக நினைப்பதில்லை. நெஞ்சு வலிக்கிறது என்றால் வீடே பதறும். அரிக்கிறது என்றால் ‘தேங்காயெண்ணெய் தடவு’ என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் நாள்பட்ட அரிப்பு உள்ளவர்களையும் நாள்பட்ட வலி உள்ளவர்களையும் ஒப்பிட்டார்கள். வாழ்க்கையை இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கெடுத்திருந்தன. அரிப்பு இல்லாமல் வாழ, மிச்சமிருக்கும் ஆயுளில் சராசரியாக 13 விழுக்காட்டை விட்டுக்கொடுக்கத் தயார் என்றார்கள் அந்த நோயாளிகள். ஜெர்மனியில் எடுத்த கணக்கில், ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது நாள்பட்ட அரிப்பு வந்திருக்கிறது. நம் வீடுகளில் இதன் கணக்கு வேறு விதமாகத் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் எழுந்து போகிறார். கல்யாண வீட்டுக்குப் போவதை அம்மா நிறுத்திவிடுகிறார். பேரனைத் தூக்கித் தரத் தயங்குகிறார்கள், ஒட்டிக்கொள்ளுமோ என்று. ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்து அறையில் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், வீட்டில் எல்லாருக்கும் கேட்கும், யாரும் எழுந்து வரமாட்டார்கள். ராத்திரியில் அரிப்பு கூடுவது கற்பனை இல்லை. அழற்சியை அடக்கும் கார்ட்டிசால் அப்போது குறைகிறது, தோலின் சூடு ஏறுகிறது, தோலிலிருந்து ஈரம் அதிகமாக வெளியேறுகிறது, கவனத்தைத் திருப்ப வேறு வேலையும் இல்லை.

‘மனசுதான் காரணம்’ என்றவருக்குப் பதில்: மனசு அரிப்பைக் கூட்டும், அதில் சந்தேகமில்லை. அரிப்பைப் பற்றிய படங்களைக் காட்டிப் பேசினாலே கேட்பவர்கள் சொறிய ஆரம்பிப்பதை ஜெர்மனியில் ஓர் அரங்கில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இதைப் படிக்கும்போதே உங்கள் கை எங்காவது போயிருக்கலாம். கவலையிலும் மன அழுத்தத்திலும் அரிப்பு அதிகமாகும், எட்டு மாதம் தூங்காதவருக்குக் கவலை வராமல் இருக்குமா? ஆனால் மற்ற எல்லாவற்றையும் பார்த்து விலக்கிய பிறகுதான் மனசைக் காரணமாகச் சொல்ல ஒரு மருத்துவருக்கு உரிமை உண்டு.

சாப்பாட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தடித்து, உதடு வீங்கினால் அது உணவு ஒவ்வாமை. எட்டு மாதமாக இடைவிடாத அரிப்புக்குக் கத்தரிக்காய் காரணம் இல்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுக்கும் அந்த ரத்தப் பட்டியலில் ஒரு உணவுக்கு நேரே ‘பாசிட்டிவ்’ என்று இருந்தால், உடம்புக்கு அந்த உணவு அறிமுகமாகியிருக்கிறது என்பதற்கு மேல் பெரும்பாலும் அர்த்தம் கிடையாது. அந்தப் பரிசோதனை அளக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு குடற்புழு இருந்தாலும் ஏறும், சிரங்கு இருந்தாலும் ஏறும். முட்டையையும் மீனையும் திரும்பக் கொடுங்கள். இந்த வயதில் புரதம் குறைவது தோலுக்கும் நல்லதில்லை.

சிகிச்சைக்கு வருவோம். காரணம் எதுவாக இருந்தாலும் தோலை ஈரமாக வைப்பது முதல் மருந்து. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் குளியல். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதத்துக்கு மட்டும். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுசாகக் காயும் முன் மாய்ஸ்சரைசர். வாசனை இல்லாத, கெட்டியான க்ரீம் எதுவானாலும் சரி. கட்டுப்படியாகாவிட்டால் வெள்ளை வாசலின் போதும். தேங்காயெண்ணெயும் நல்லதுதான். 2014-ல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வு ஒன்றில், கரப்பான் உள்ள 117 குழந்தைகளுக்கு எட்டு வாரம் பூசிப் பார்த்ததில், சுத்தமான தேங்காயெண்ணெய் கனிம எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது. நம் வழக்கத்தில் ஒரே ஒரு சிக்கல்: குளிப்பதற்கு முன் தேய்த்து, சீயக்காயோ சோப்போ போட்டு அத்தனையையும் கழுவிவிடுகிறோம். குளித்த பிறகு, ஈரத்தோலில் மெல்லிசாகத் தடவச் சொல்லுங்கள். வேப்பிலையால் வருடிக்கொள்வதில் கெடுதல் இல்லை. அரைத்துப் பூசும் பச்சிலைகளில் மட்டும் கவனம் வேண்டும். புண்ணான தோலில் சில இலைகள் இன்னும் எரிச்சலைக் கூட்டும்.

அழற்சி இருக்கும் இடத்தில் ஸ்டீராய்டு களிம்பு தேவைப்படும். மேலே திட்டியது பூஞ்சையின் மேல் பூசுவதைத்தான். சரியான நோய்க்கு, சரியான வீரியத்தில், சொன்ன நாள் வரைக்கும் பூசினால் அது அருமையான மருந்து. சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். சிறுநீரக அரிப்புக்கும் நரம்பு அரிப்புக்கும் கேபபென்டின் நன்றாகக் கேட்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு டயாலிசிஸ் முடிந்ததும் 100 மில்லிகிராம் என்ற சின்ன அளவிலேயே பலன் தெரிகிறது, அதற்கு மேல் போனால் தள்ளாட்டம் வரும். பித்த அரிப்புக்குக் கொலஸ்டிரமின், ரிஃபாம்பிசின் என்று வேறு வரிசை. புறஊதாக் கதிரில் 311 நானோமீட்டர் அலைநீளத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கும் ஒளி சிகிச்சை, நிறைய மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு எனக்கு மிகப் பிடித்த வழி. வாரம் இரண்டு மூன்று முறை போக வேண்டும் என்பதுதான் கஷ்டம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றின் தோல் பிரிவில் அந்தக் கருவி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

புதிய மருந்துகளும் வந்துவிட்டன. அழற்சிச் செல்கள் நரம்பைத் தூண்ட அனுப்பும் இன்டர்லூகின் என்ற செய்திப் புரதங்களின் வேலையையே தடுக்கும் ஊசிகள் இவற்றில் சில. கரப்பானுக்கு டுபிலுமாப் 2017-லும், முடிச்சு அரிப்பு நோய்க்கு 2022-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்டர்லூகின் 31-இன் ஏற்பியை அடைக்கும் நெமோலிசுமாப் 2024-ல் அங்கே வந்தது. டயாலிசிஸ் அரிப்புக்கென்றே டிஃபெலிகெஃபாலின் என்ற வேறு வகை ஊசி 2021-ல் அங்கே வந்தது. விலைதான் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு எட்டாது. அழற்சிச் செய்தியைச் செல்லுக்குள்ளேயே அடைக்கும் ஜேக் தடுப்பான் மாத்திரைகளில் டோஃபாசிட்டினிப் இங்கே மலிவாகக் கிடைக்கிறது, சிலருக்கு அற்புதமாகக் கேட்கிறது. ஆனால் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்காமல் அதைத் தொடக் கூடாது, அறுபதைத் தாண்டியவர்களுக்கு இதயம், ரத்தக்கட்டு அபாயத்தையும் எடைபோட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. அம்மாவுக்குத் தரும் பழைய அலர்ஜி மாத்திரைகளைத் தொடர வேண்டுமா என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். அவில், ஹைட்ராக்சிசின் மாதிரி மயக்கம் தருபவை இந்த வயதில் ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது விழ வைக்கும், நினைவைக் குழப்பும், சிறுநீரை அடைக்கும். சிபிசி (ரத்த அணுக்கள்), ஈஎஸ்ஆர் (அழற்சி), சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகம்), எல்எஃப்டி (கல்லீரல்), டிஎஸ்எச் (தைராய்டு), ஃபெரிட்டின் (இரும்புச்சத்து), மார்பு எக்ஸ்ரே, இவ்வளவும் அந்த அலர்ஜிப் பட்டியலுக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த செலவில் முடிந்துவிடும். அரசு மருத்துவமனையில் அதுவும் இல்லை. தினமும் ராத்திரி அரிப்பு பத்துக்கு எத்தனை என்று அம்மாவையே ஓர் எண் சொல்லச் சொல்லிக் குறித்து வையுங்கள். மருந்து கேட்கிறதா என்பதை நாலு வாரத்தில் அந்த எண்களே காட்டும். கேட்கவில்லை என்றால் மருத்துவர் காரணத்தைத் திரும்பத் தேட வேண்டும், தோல் துணுக்கு எடுக்காமல் இருந்தால் அப்போது எடுக்க வேண்டும். முதல் முறை எல்லாம் சரியாக இருந்தும் அரிப்பு தொடர்ந்தால், சில மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையையும் ஒரு முறை திரும்பச் செய்யுங்கள். சில நோய்கள் அரிப்பில் தொடங்கிப் பிறகுதான் ரத்தத்தில் தெரியும். நடுவில் கையிலோ தொடையிலோ ஒரே ஒரு கொப்புளம் தெரிந்தாலும், கண் மஞ்சளானாலும், அடுத்த முறை வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே அழைத்துக்கொண்டு போங்கள்.